சாவிக்கு அடங்காத வலிப்பு

1943, ஜப்பானியர் பிடியிலிருந்த மலாயாவின் மூவார். டாக்டர் அமலநாதனின் அறையில், பாயில் விழுந்த ரப்பர் தோட்டத் தொழிலாளி சன்னாசிக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அவன் மனைவி பேச்சியம்மாள் பதறிப்போய் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தாள். வலிப்பு சட்டென்று நின்றது.

“சாவி கொடுக்க யாரு சொன்னா?” டாக்டர் எரிந்து விழுந்தார்.

“இரும்பு பட்டா நின்னுடும்னு தோட்டத்துல எல்லாரும் செய்யறதுதானே ஐயா?”

“பதினஞ்சு வருஷமா வலிப்பைத்தான் ஆராய்ச்சி பண்றேன். மூளை அணுக்கள் எல்லாம் ஒண்ணாக் கூச்சல் போடுறப்ப, கையில இருக்கற சாவி அதுங்களுக்கு எப்படித் தெரியும்?”

பிறகு சன்னாசியிடம் திரும்பினார்.

“நாளைக்கு ஜப்பான்காரன் ஆள் எடுக்கிற இடத்துலயும் எவனாவது சாவியைத் திணிப்பான். நீ இப்படி நிறுத்தினா, நடிப்புன்னு ஜப்பான் டாக்டர் கண்டுபிடிச்சிடுவான். அப்புறம் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போட்டுச் சாகத்தான் போகணும். எங்கே, இன்னொரு தடவை விழு!”

இம்முறை சாவி கையிலிருந்தும் இழுப்பு நிற்கவில்லை. டாக்டர் தலையாட்டினார்.

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதுவரைக்கும் எத்தனை பேருக்கு வலிப்பை நிறுத்தியிருக்கீங்க ஐயா?”

“நிறுத்தினது கொஞ்சம்தான்மா.” அமலநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். “வரவழைச்சதுதான், தோட்டத்துக்கு ஒருத்தர்னு மூவார் முழுக்க!”