சில்வெஸ்ரர் தெரிந்தெடுத்த போத்தல்

ஊர்காவற்றுறையில் தங்கள் தங்கையின் கலியாண வீட்டில், தாங்கள் கொண்டுவந்த இரண்டு வைன் போத்தல்களில் எதைத் திறப்பது என்று மீனவர் சில்வெஸ்ரரின் மகன்கள் இருவரும் மல்லுக்கட்டினார்கள்.

“ஜேர்மன்காரன் சட்டந்தான் கதைப்பான். அவனுக்கு வைன் செய்யத் தெரியாது,” என்றான் பாரிசிலிருந்து வந்த றொஜன்.

“பிரெஞ்சுக்காரன் வேலைக்குப் போகாமல் ரோட்டிலை கொடி பிடிப்பான்,” என்றான் பெர்லின் ஜெகதீஸ்.

“என்னை அகதியா ஏற்காதவன்ர வைனை நான் தொடமாட்டன்! அப்பா, நீங்களே சொல்லுங்கோ,” என்றான் றொஜன்.

சில்வெஸ்ரர் இரண்டு போத்தல்களின் வாயையும் மாறி மாறித் தடவினார். மகன்கள் குழம்பினார்கள்.

“பிரான்ஸ்தான்.”

றொஜன் நெஞ்சை நிமிர்த்தினான்.

“குடிச்சுப் பாக்காமல் எப்பிடியப்பா?” என்றான் ஜெகதீஸ்.

அவர் போத்தலைத் திறந்து, தக்கையைச் சட்டைப்பையில் போட்டார்.

“ஜேர்மன் போத்தலுக்குத் திருகுமூடி. கடலிலை தாழும். இந்தத் தக்கைதான் என்ர தூண்டிலிலை மிதக்கும். இனி ரெண்டு நாட்டையும் நீங்களே குடிச்சு முடியுங்கோ.”