மூன்றாம் நம்பர் சீரம்

இரண்டு வருஷமாகத் தண்ணி காட்டிய ஜீன், மூன்றாம் நம்பர் சீரம் ஊற்றிய செல்களில் தலைகாட்டிவிட்டது. லேபில் அதன் பின்னாலேயே அலைந்த அவள் மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் ஒரே அளவு. ஜீனில் கோளாறில்லை, கல்லீரல் செல்களுக்குத் தீனியாக ஊற்றும், கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தில்தான் கோளாறு என்று ஒற்றைக்காலில் நின்று, ஐந்து கம்பெனி மாதிரிகளை வரவழைத்தவள் அவள்தான்.

"எல்லாம் சரிம்மா, இந்தச் செல்லு மட்டும் தட்டுல ஒரே ஓரமா ஒதுங்குதே," என்றார் டெக்னீஷியன் அண்ணன்.

"செல் வளர்க்குற பெட்டி சாஞ்சிருக்கும்ண்ணே."

மட்டம் வைத்துப் பார்த்தார்கள். சாயவில்லை. தட்டைத் திருப்பி வைத்தாள். காலையில் செல்கள் மறுபடி பெட்டியின் கதவுப் பக்கமே வந்திருந்தன. மற்ற நான்கு சீரத்திலும் பரவலாகவே கிடந்தன.

"எந்த ஓரத்துல நின்னா என்ன?" என்றார் மாதக் கடைசியில் திட்டத்தை மூடவிருந்த டைரக்டர். "அந்தச் சீரம் எத்தனை பாட்டில் இருக்கோ அத்தனையும் வாங்கிப் போடு. இன்னும் மூணு வருஷம் உனக்கு."

லேபே கைதட்டியது.

அடுத்த வாரம் மூன்றாம் நம்பர் சீரத் தட்டுகள் நாற்பதாகின. வழக்கம்போலக் காலை ஒன்பது மணிக்குத் தீனியோடு பெட்டிக் கதவைத் திறந்தாள். நாற்பதிலும் செல்கள், தீனி நேரத்துத் தொழுவம் போல, கதவோரம் வெள்ளைத் திட்டாக முண்டியடித்து நின்றன. முதல் தட்டில் ஊற்றினாள். அதில் மட்டும் திட்டு மெல்லக் கலைந்து பரவியது.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அவசரப்படாதீங்க," என்றாள், மற்ற முப்பத்தொன்பதையும் பார்த்து. "எல்லாருக்கும் இருக்கு."