மருதாணிக் கை

நஸ்ரினுக்கென்றே வளர்த்த எலி அது. அவளுடைய மரபணுக் கோளாறு அதற்கும் உண்டு. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த, போதை ஏற்றாத சொட்டு மருந்தில் முதலில் எலிக்குக் குணம் தெரிந்தால்தான் பிள்ளைக்குத் தருவார்கள். அதனால் அவள் உம்மா ஷகிலா மூன்று மாதமாக மேலப்பாளையத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்து, எலியைத் தன் கையாலேயே பெட்டிக்குள் விட்டாள். உள்ளே அதே பாட்டில், அதே மரக்கட்டை. எலியோ, ஒன்பது வயது நஸ்ரினைப் போலவே, நேற்றுப் பார்த்தது எதுவும் நினைவில்லாமல் தினமும் இரண்டையும் புதிதுபோல முகர்ந்தது.

அன்று அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே ஓடிவந்து ஷகிலாவின் விரலை முகர்ந்தது.

"கையில என்ன?" ஆய்வை நடத்தும் டாக்டர் எஸ்தர் சீறினார். "வாசனை எதுவும் கூடாதுன்னு சொன்னேன்ல!"

"நாளைக்கு நோன்புப் பெருநாள்லா மேடம்... மருதாணி வச்சேன். மறந்தே போச்சு." எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டோமே என்று ஷகிலாவுக்குப் பதறியது.

எஸ்தர் பெட்டியை உற்றுப் பார்த்தார். சட்டென்று எழுந்து ஷகிலாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பாட்டில், கட்டை எல்லாம் பழசுன்னு அதுக்குத் தெரிஞ்சிடுச்சும்மா! உங்க கை மட்டுந்தான் இன்னிக்குப் புதுசு!"

மறுவாரமே நஸ்ரினுக்குச் சொட்டு மருந்து தொடங்கியது.

ஹஜ்ஜுப் பெருநாள் காலையில், தட்டில் இடியாப்பம் வைத்த உம்மாவின் மருதாணிக் கையை நஸ்ரின் பிடித்து நிறுத்தினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உம்மா, நேத்து இது இல்லயே?"