இது வேற, அது வேற

அய்யாவு காரின் பானெட்டைப் பார்த்துப் பேசினான்.

"இது வேற, அது வேற. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

கொஞ்சம் தள்ளி நின்று தன் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த குழந்தைவேலுவுக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அய்யாவு சொன்னதும்.

அய்யாவுவின் தங்கை அழகம்மாவைத்தான் குழந்தைவேலு கட்டியிருந்தான். ஆனால் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் மரத்திடமோ நாயிடமோ காரிடமோ சொல்வார்கள். கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் நம் தோட்டத்து லய வீடுகளில் வேறெப்படிப் பேசுவார்கள்?

சண்டை காரால் வந்தது. அதுவும் சொந்தக் காராக இருந்தாலும் பரவாயில்லை. மலாயாவில் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அய்யாவு பெரிய துரைக்கு டிரைவர், குழந்தைவேலு சின்ன துரைக்கு. இரண்டு கார்களும் ஒரே கம்பெனி. ஆனால் பெரியதன் விலைக்குச் சின்னதில் மூன்று வாங்கலாம். பெரியதில் சீட்டெல்லாம் தோல், கதவில் மரவேலை, முன்னால் ஒரு கடிகாரம். கித்தா மரங்களுக்கு நடுவே போகும்போதுகூட அய்யாவு அதில் தேரேறிய சாமி மாதிரிதான் உட்கார்ந்திருப்பான்.

அழகம்மாவின் பிள்ளைக்குக் காது குத்திய அன்று குழந்தைவேலு பந்தியில் வைத்துப் போட்டு உடைத்தான். சேஸி ஒன்றுதான், இஞ்சின் ஒன்றுதான், மேலே போட்ட சட்டைதான் வேறு, பெரிய துரை அந்தச் சட்டைக்குக் காசு கொடுத்து ஏமாந்துவிட்டான் என்றான். பந்தியே சிரித்தது. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

துரைமார் ஓடிப்போனார்கள். ஜப்பான்காரன் வந்தான், கார்களை எடுத்துக்கொண்டான், ஓட்டுவதற்கு இவர்களையே வைத்துக்கொண்டான். அரிசிக்கும் துணிக்கும் டயருக்கும் பஞ்சம் வந்தது. இவர்கள் கோபத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

அன்று காலையில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி அய்யாவுவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் ஏற்ற லாரி வருகிறது. டிரைவர்களைத் தொடமாட்டார்கள். ஆனால் ஒரு காரின் சாமான் இன்னொன்றுக்குப் பொருந்துமா என்று அதிகாரி கேட்பான். பொருந்தும் என்றால் ஒன்றைப் பிரித்து மற்றதற்கு உதிரியாக வைத்துக்கொள்வான். கார் இல்லாத டிரைவர் லாரியில் ஏற வேண்டியதுதான். பொருந்தாது என்றால் இரண்டு கார்களும் தப்பும், இரண்டு பேரும் தப்புவார்கள்.

சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட அந்தத் தோட்டத்துக்கு இன்னும் திரும்பவில்லை.

அய்யாவு ஓடிவந்தான். நேராகப் போய் மாப்ளே என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை. பானெட்டிடம்தான் சொன்னான்.

ஊரே செத்துக்கொண்டிருக்கும்போதும் இந்த மனுசனுக்கு ஜம்பம் போகவில்லையே என்று நினைத்துக்கொண்டு குழந்தைவேலு துணியை உதறினான்.

லாரி வந்து நின்றது. திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கத்து ஆட்கள் ஏற்கெனவே அதில் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். அதிகாரி இரண்டு கார்களையும் சுற்றிவந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் இரண்டும் ஒன்றுதானா என்று அய்யாவுவைக் கேட்டான்.

துவான் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, வேறு வேறு என்றான் அய்யாவு. இஞ்சின் வேறு, சேஸி வேறு, ஒரு ஆணிகூடச் சேராது. சொல்லிக்கொண்டே குழந்தைவேலுவின் முகத்தைப் பார்த்தான். காதுகுத்துக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தான்.

குழந்தைவேலுவுக்கு அந்தப் பார்வையும் சவாலாகத்தான் பட்டது.

"சமா, துவான். சமா சாஜா."

எல்லாம் ஒன்றுதான் என்று கையை வேறு விரித்துக் காட்டினான்.

சின்னக் காரின் சக்கரத்தைக் கழற்றிப் பெரிய காரில் மாட்டச் சொன்னான் அதிகாரி. குழந்தைவேலுவே மாட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. டைனமோவை மாற்றச் சொன்னான். அதுவும் உட்கார்ந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் குழந்தைவேலு நிமிர்ந்தபோது அய்யாவுவின் கன்னத்தில் அதிகாரியின் அறை விழுந்தது.

ஒரு கார் போதும், பொய் சொன்னவன் லாரியில் ஏறட்டும், பெரிய காரை இவன் ஓட்டட்டும் என்றான் அதிகாரி. பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொன்ன பரஞ்சோதி, காலையில் அய்யாவுவிடம் சொன்னதையும் குழந்தைவேலுவின் காதில் மெதுவாகச் சேர்த்துச் சொன்னார்.

குழந்தைவேலு ஓடினான். நான்தான் பொய் சொன்னேன், என்னை ஏற்றுங்கள் என்று அதிகாரியின் காலைப் பிடிக்கப் போனான். அதிகாரி அதற்குள் பெரிய காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

லாரியில் ஏற்றப்பட்ட அய்யாவு பக்கப் பலகையைப் பிடித்தபடி குழந்தைவேலுவிடம் குனிந்தான்.

"மாப்ளே, நீ சொன்னது தங்கச்சிக்குத் தெரிய வேணாம்லா. காரு வீம்புல நானே வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்னு சொல்லிடு. அவ உன்கூட வாழணும்."

சாயங்காலம் அழகம்மா லயத்து வாசலில் விழுந்து அழுதாள். குழந்தைவேலு சொன்னதை அப்படியே நம்பினாள். தவளை தன் வாயால் கெட்ட கதையாக ஒரு தகரக் காருக்கு வீம்பு பேசி உயிரை விடப் போய்விட்டானே என்று அண்ணனைத் திட்டித் திட்டி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகும்போதாவது உங்களிடம் ஒரு வார்த்தை பேசினானா என்று புருஷனைக் கேட்டாள்.

பேசவில்லை என்றான் குழந்தைவேலு.