மேசையைத் தட்டியவர்

"இந்த ஓடுபாதைக்கு ஒத்துக்கவே முடியாது." விமானப் போக்குவரத்துத் துறை இயக்குநர் தட்டிய தட்டில் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டது.

எதிரே இருந்த பக்கத்து நாட்டுத் தூதர் முகம் சுளித்தார். "விமான நிலையம் கட்டுறது எங்க மண்ணுல. உங்களுக்கு எங்க வலிக்குது?"

"விமானம் இறங்குறது எங்க வானத்து வழியா. எங்க ஜனங்க தூங்க வேண்டாமா? உங்க எல்லையோர ஏரிக்கு மேற்கே வெறும் பொட்டல்தானே கிடக்கு, அங்க கட்டுங்க. இல்லேன்னா ஒரு விமானமும் எங்க எல்லைக்குள்ள நுழையாது."

மறுபடியும் ஒரு தட்டு.

இயக்குநருக்குப் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் துணை அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஓடுபாதைக்காக ஏரியின் கிழக்குக் கரையில் ஒரு குடியிருப்பையே இடிக்கப் போகிறார்கள். அத்தனை குடும்பங்களும் தெருவுக்கு வந்துவிடும். தங்கள் ஜனங்களாயிற்றே என்று அந்தத் தூதருக்கு உறைக்கவில்லை. இந்த மனுஷரோ தூக்கம் கெடுகிறது என்று புலம்புகிறார். நல்ல ஜோடிதான்.

இடைவேளையில் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "சார், அந்த வீடுகளைப் பத்தி ஒரு வார்த்தை பேசலாமே?"

"பேசினா, எங்க விஷயத்துல மூக்கை நுழைக்காதேம்பாங்க. நீ எழுதும்மா."

வராந்தாவில் தூதர் தன் அமைச்சரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "பிடிச்ச பிடியை விடமாட்டேங்கிறார் ஐயா. மேசையே உடைஞ்சிடும் போலிருக்கு. வேற வழி தெரியலை."

திரும்பி வந்தவர் தொங்கிய முகத்தோடு சொன்னார். "சரி. மேற்கே தள்ளிக்கிறோம்."

அவளுக்குப் பேனாவே ஓடவில்லை. மேற்கே என்றால் குடியிருப்பு பிழைத்தது. யார் தூக்கத்துக்காகவோ யார் வீடோ தப்பித்ததை நினைத்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வழியனுப்ப வாசலுக்குப் போனார்கள். கார் கதவருகே தூதர் அக்கம்பக்கம் பார்த்தார். சட்டென்று இயக்குநரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்கள்.

கார் போனது. திகைத்து நின்றவளிடம், சிவந்த உள்ளங்கையைத் தேய்த்தபடி இயக்குநர் சொன்னார்:

"இடிக்காதீங்கன்னு அவங்க ஊர்ல தலைப்பாடா அடிச்சுக்கிட்டாராம், யாரும் காதுல போட்டுக்கலை. 'நீங்க வானத்தை அடைச்சாதான் வழிக்கு வருவாங்க, நாளைக்கு மேசையைக் கொஞ்சம் பலமாவே தட்டுங்க'ன்னு நேத்து எனக்கு போன் பண்ணினதே அவர்தாம்மா."