ஆடிட்டரின் நீலப் பெட்டி

“போனது போகட்டும்டா தம்பி. நீயாவது முழுசா வந்து சேர்ந்தியே, அது போதும்” என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடிட்டர் தலையில் கை வைத்தபடி சோபாவில் உட்கார்ந்திருந்தார். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். “படுபாவிங்க, உருப்படுவாங்களா” என்று மாமியார் ஒரு மூலையில் புலம்பிக்கொண்டிருந்தார்.

போனது ஒரு பெட்டி. பெரிய நீலப் பெட்டி. வெளிநாட்டுச் சுற்றுலா முடிந்து திரும்பிய விமானத்தில் ஆடிட்டர் வந்தார், அவர் மனைவி வந்தாள், பெட்டி மட்டும் வரவில்லை.

பெட்டி முழுக்கச் சொந்தங்களுக்கான பரிசுகள். அங்கே இருந்தபோதே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, “உனக்கு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். பார்த்தா அசந்துடுவே” என்று சொல்லியிருந்தார். ஒரு காப்பிக்குக்கூட அடுத்தவர் சட்டைப்பையைப் பார்க்கிற மனிதர் இப்படிச் சொன்னதில், பார்க்காமலே பாதிப் பேர் அசந்துபோயிருந்தார்கள்.

அதனால்தான் இவ்வளவு கூட்டம். வந்தவர்களில் ஒருவர்கூடப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

“எனக்கு என்ன மாமா வாங்கியிருந்தீங்க?” மனைவியின் தங்கை மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்.

“செண்ட் பாட்டில்மா.” ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டார். “ஒண்ணு இல்ல, மூணு. பெரிய சைஸ்.”

“ஐயோ!”

தொலைந்த பிறகுதான் பெட்டி வளர ஆரம்பித்தது. காலையில் அக்காவுக்கு வெறும் கைக்கடிகாரமாக இருந்தது, மத்தியானத்துக்குள் தங்க முலாம் பூசிக்கொண்டது. மாமியாரின் சால்வை பட்டுச் சால்வையாகி, ஓரத்தில் கை வேலைப்பாடும் சேர்ந்துவிட்டது. சொல்லச் சொல்ல அழுகையும் கூடியது.

ஒருவர் மட்டும் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கையின் கணவர், அதாவது ஆடிட்டருக்குச் சகலை. டிக்கெட் ஏஜென்சி நடத்துகிறவர். ஆடிட்டரின் நச்சரிப்பு தாங்காமல், இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

“இதை இப்படியே விடக் கூடாது அண்ணே” என்றார் சகலை. “ஏர்போர்ட்ல எனக்கு ஆளுங்க இருக்காங்க. நான் போய்க் கேக்கறேன்.”

ஆடிட்டர் சட்டென்று நிமிர்ந்தார். “வேண்டாம் சகலை. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?”

“எனக்கென்ன அலைச்சல்! உங்க அடையாள அட்டையை மட்டும் குடுங்க.”

அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? “இருங்க, நான் எடுத்துத் தரேன்” என்று மனைவி எழுந்தாள். ஆடிட்டரின் பர்ஸை எடுத்துக்கொண்டு சகலையோடு வாசல் வரை போனாள்.

அதன் பிறகும் துக்கம் விசாரிக்கும் போன்கள் விடவில்லை. பதில் சொல்லி அலுத்துப்போன ஆடிட்டர் போனையும் மனைவியிடமே தள்ளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மறுபடி வரச் சொல்லியிருந்தார் சகலை. கடைசி ஆளாக அவர் வந்தார். அவருக்குப் பின்னால் உருண்டு வந்தது ஒரு பெரிய நீலப் பெட்டி.

“கெடைச்சிடுச்சு!” அக்கா சின்னக் குழந்தை மாதிரி கை தட்டினாள்.

ஆடிட்டருக்கு வியர்த்துக் கொட்டியது. அது கிடைக்க வழியே இல்லை. ஏனென்றால் அவர் எந்தப் பெட்டியையும் தொலைக்கவில்லை. எந்தப் பரிசையும் வாங்கவும் இல்லை.

வாயால் வாங்கிய சாமானுக்கு எடை கிடையாது, விமானத்தில் கூடுதல் கட்டணமும் கிடையாது. ஊருக்கு வந்ததும் தொலைத்துவிட்டால் பெயருக்குப் பெயரும் ஆச்சு, பணமும் மிச்சம். இவ்வளவுதான் அவர் போட்ட திட்டம்.

பெட்டி திறந்தது. மூன்று செண்ட் பாட்டில், பெரிய சைஸ். தங்க முலாம் பூசிய கடிகாரம். ஓரத்தில் கை வேலைப்பாடு வைத்த பட்டுச் சால்வை. அவர் அளந்துவிட்டது அத்தனையும் ஒன்று பாக்கியில்லாமல் உள்ளே இருந்தது.

“மாப்பிள்ளைன்னா இவர்தான் மாப்பிள்ளை!” மாமியார் சால்வையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். “கஞ்சம், கருமின்னு எவ்வளவு பேசியிருக்கேன்! என் வாயில அடிச்சுக்கணும்.”

ஆடிட்டர் சகலையை ஓரமாக இழுத்துப் போனார். “யாரோட பெட்டியத் தூக்கிட்டு வந்தீங்க?”

“நான் போட்டுக் குடுத்த டிக்கெட்டுல கைப்பையைத் தவிர வேற எதுக்கும் இடம் கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா அண்ணே?” சகலை சிரித்தார். “எல்லாம் நம்ம ஊர்க் கடையில வாங்கினது. சொந்தக்காரங்க முன்னாடி உங்க மானம் போகக் கூடாதில்ல?”

ஆடிட்டர் சகலையின் கையைப் பிடித்துக்கொண்டார், இந்தத் தடவை நடிப்பில்லாமல். தன் காசைப் போட்டு அடுத்தவன் மானத்தைக் காப்பாற்றுகிற ஏமாளி தனக்குச் சகலையாக வாய்த்தானே என்று உருகிப்போனார். திருப்பிக் கொடுக்கும் எண்ணம் மட்டும் அவருக்கு வரவே இல்லை.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினார். “ஒவ்வொண்ணும் பார்த்துப் பார்த்து வாங்கினதாக்கும்! விலையைப் பத்தி நான் கவலையே படலை.”

பெட்டியின் அடியில் ஒரு சின்ன டப்பா மிச்சம் இருந்தது. மனைவி அதை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு ஜோடி வைரத் தோடு.

ஆடிட்டர் குனிந்து அவள் காதில் கிசுகிசுத்தார். “இதை நான் யாருக்கும் சொல்லவே இல்லையே?”

அவள் நிதானமாகத் தோட்டைப் போட்டுத் திருகாணியைத் திருகினாள்.

“எல்லாமே உங்க கிரெடிட் கார்டுதானேங்க, அதான் எனக்கும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன்.”