அப்பனைப் பார்த்த செல்

ஒரு மனிதரின் கழுத்திலிருந்த நிணநீர் முடிச்சுக்குள் இரண்டு தற்காப்புச் செல்கள் அக்கம்பக்கமாகக் குடியிருந்தன. ஒன்று, அவருடைய பால்ய காலத்துக் காய்ச்சலை அடக்கிப் பேர் வாங்கிய நினைவுச் செல். மற்றது, யாரும் கூப்பிடாமல் காத்திருந்தே களைத்துப்போன வேலையில்லாச் செல்.

ஒருநாள் தொண்டையிலிருந்து தூதுச் செல் ஓடிவந்தது. அதன் கையில் ஒரு வைரஸின் துண்டு இருந்தது.

“அண்ணே, புது ஆள் இறங்கியிருக்கான்.”

நினைவுச் செல் அரைக்கண் திறந்து பார்த்தது. “இவனா? அந்தச் சின்ன வயசுக் காய்ச்சல்ல இவன் அப்பனையே பாத்தவன் நான்.”

“அந்தத் துண்டு எனக்குக் கச்சிதமாப் பொருந்துதுண்ணே” என்றது வேலையில்லாச் செல்.

“முன்னனுபவம் இருக்கா?”

“கூப்பிட்டாத்தானே வரும்?”

“அப்ப உக்காரு.”

நினைவுச் செல் அப்பனுக்கு அளவெடுத்த அதே எதிர்ப்பொருள்களைச் செய்து மளமளவென்று அனுப்பியது. அவை மகன்மேல் பட்டு வழுக்கி விழுந்தன. ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பழக்கத்துக்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். காய்ச்சலுக்கு அது தெரியாததால் ஏறிக்கொண்டே போனது. மனிதர் பிதற்றத் தொடங்கினார்.

“ஆள் போயிடுவார்ண்ணே” என்று தூதுச் செல் கெஞ்சியது.

“அப்பவும் இப்படித்தான் ஏறுச்சு. இன்னும் கொஞ்சம் அனுப்புவோம்.”

தூதுச் செல் ஓசைப்படாமல் துண்டை வேலையில்லாச் செல்லிடம் நீட்டிவிட்டு, தூதுச் செல்களின் வழக்கப்படி செத்துப்போனது. அந்தச் செல் தட்டுத்தடுமாறிப் பெருகி, மகனுக்கு அளவெடுத்து எதிர்ப்பொருள் செய்தது. சில நாளில் மனிதர் எழுந்து கஞ்சி கேட்டார்.

“பாத்தியா? நம்ம சரக்கு கொஞ்சம் மெதுவாத்தான் கேக்கும்” என்றது நினைவுச் செல்.

மற்றதற்கு வாதாடத் தெம்பில்லை. “ஆமாண்ணே” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.